கணக்குப் புத்தகத்தில் எழுதாத இரண்டு செலவுகள்

வியாபாரப் பத்தி என்றால் டொலர் விலை, தேயிலை ஏலம், வங்கிக் கடன் என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் வாசகர்கள் எதிர்பார்ப்பீர்கள். இந்த வாரம் வயிற்றோட்டத்தைப் பற்றி எழுதப் போகின்றேன். சிரிக்க வேண்டாம். பதுளை, ஹாலி-எல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஊவா முழுவதும் சாப்பாட்டுக் கடையும் தேத்தண்ணிக் கடையும் பேக்கரியும் நடத்தும் எமது சகோதரர்களுக்கு இதைவிட முக்கியமான வியாபார விடயம் அதிகம் இல்லை என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் எனது குற்றத்தைச் சொல்லிவிடுகின்றேன்.

1990களின் ஆரம்பம். வாப்பாவின் கடையில் கல்லாவில் இருந்தேன். அன்று தோட்டங்களுக்குச் சம்பள நாள். டவுன் நிறையச் சனம் வரும் என்று கோழிக் கறி அதிகமாகச் சமைத்தோம். மழை பிடித்துக்கொண்டது, சனம் குறைந்துவிட்டது, கறி மிஞ்சியது. பெரிய சட்டியோடு மூடி குசினியிலேயே வைத்தோம். காலையில் திறந்து பார்த்தால் எந்த வாடையும் இல்லை. நன்றாகக் கொதிக்க வைத்து, இறைச்சியைப் பிய்த்து, உருளைக்கிழங்கோடு பிசைந்து ரோல்ஸ் போட்டோம். மாலைக்குள் எல்லாம் விற்றுவிட்டது. வாப்பாவுக்குச் சந்தோஷம். "ஒரு துண்டும் வீண் போகல்ல" என்றார்.

நாலைந்து நாள் கழித்து பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வழமையாகச் சாமான் வாங்கும் ஓர் அம்மா வந்தார். சத்தம் போடவில்லை. "மொதலாளி, ஒங்க கடை ரோல்ஸ் சாப்பிட்ட ராவே எனக்கும் மகனுக்கும் வயித்தால போக ஆரம்பிச்சிருச்சு. எனக்கு ரெண்டு பேரு போச்சு. ஒரு பேரு எனக்கு முடியாம, ஒரு பேரு மகன்கூட ஆஸ்பத்திரியில" என்றார். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலைக்குப் பதியும் பெயர். பெயர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. வாப்பா, "தோட்டத்துப் பீலித் தண்ணியா இருக்கும் தங்கச்சி" என்றார். அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. அரை இறாத்தல் சீனி வாங்கிக்கொண்டு போய்விட்டார். வாப்பா சொன்னதை நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

எந்தக் கிருமி என்று அன்று எவரும் பரிசோதிக்கவில்லை. எங்கள் ரோல்ஸ்தான் காரணம் என்று இன்றும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால், இந்த விடயத்தில் இன்று எனக்குத் தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் அந்தக் கறியைக் குப்பையில் கொட்டியிருப்பேன்.

பழி யார் மீது?

வயிறு கெட்டால் எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் சொல்வார்கள். கடைக்காரர் தோட்டத்துத் தண்ணீரைச் சொல்வார். இரண்டுமே சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். கிருமிக்குக் கிருமி நேரக் கணக்கு வேறு. கையில் உள்ள புண், மூக்கு ஆகியவற்றிலிருந்து உணவில் சேரும் ஸ்டெபிலோகொக்கஸ் ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். பெரிய சட்டியில் மெதுவாக ஆறிய இறைச்சிக் கறியில் பெருகும் குளொஸ்ட்ரிடியம் பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றைக் கலக்கும். சல்மொனெல்லாவுக்கு 6 மணி நேரம் முதல் மூன்று நாட்கள் வரை. கோழி இறைச்சியோடு வரும் கம்பிலோபக்டர் இரண்டு முதல் ஐந்து நாட்கள் கழித்துத்தான் முகம் காட்டும். நெருப்புக் காய்ச்சலுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்கள்கூடச் செல்லும். ஆகவே இன்று காலை வயிறு போகிறவர், போன வெள்ளிக்கிழமை சாப்பிட்டதன் பலனை அனுபவிப்பவராகவும் இருக்கலாம்.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. எவரும் வந்து முறையிடவில்லை என்பதற்காக எமது கடை சுத்தம் என்று அர்த்தமில்லை. மூன்றாம் நாள் நோய்வாய்ப்படுகிறவர் எமது கடையை நினைக்கவே மாட்டார்.

குளிர் ஊர் என்ற நம்பிக்கை

"நம்ம ஊர் குளிர்தானே, பழுதாகாது" என்ற பேச்சைப் பதுளையில் அடிக்கடி கேட்கலாம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. கொழும்போடு ஒப்பிட்டால் குளிர்தான். ஆனால் மனிதனுக்குக் குளிர்வது கிருமிக்குக் குளிர்வதில்லை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமி பெருகும் ஆபத்தான எல்லை. பண்டாரவளை, ஹப்புத்தளைக் குசினிகளும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. நல்ல வாய்ப்புக் கிடைத்தால் ஒரு கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். அந்தக் கணக்கில் ஒன்று ஏழு மணி நேரத்தில் இருபது இலட்சத்தைத் தாண்டிவிடும். எந்த வங்கியும் இப்படி வட்டி கொடுப்பதில்லை.

காலை ஆறு மணிக்குச் சமைத்து, சூட்டோடு சோற்றைக் கட்டி, ஒரே பெட்டியில் அடுக்கி, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ தோட்டத்துக்கு அனுப்பி, பகல் ஒரு மணிக்குச் சாப்பிடும் பார்சலுக்கு அந்த ஏழு மணி நேரம் சரியாகக் கிடைக்கின்றது.

"திரும்பக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை. கொதி பல கிருமிகளைக் கொல்லும். ஆனால், ஸ்டெபிலோகொக்கஸ் உணவில் விட்டுச் செல்லும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சோற்றில் பெருகும் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, சோறு வேகும் கொதியையும் தாங்கும். சோறு வெளியே ஆறிக் கிடக்கும்போது அது முளைத்து, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சும் சூட்டுக்கு அசையாது. நேற்றைய சோற்றில் இன்று பிரைட் ரைஸ் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சமைத்த சோற்றை அகன்ற தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் பிரிஜ்ஜில் வைத்தால் பாவிக்கலாம். இரவு முழுவதும் வெளியே இருந்த சோறு குப்பைக்குரியது. வாடை பார்ப்பதில் பிரயோசனமில்லை. நோய் தரும் கிருமிகளில் பல, உணவின் வாடையையோ ருசியையோ மாற்றுவதே இல்லை. எங்கள் கோழிக் கறியும் அன்று நன்றாகத்தான் மணத்தது.

முதலாவது செலவு: மிச்சம்

இங்கேதான் வியாபாரம் வருகின்றது. மிச்சத்தை ஏன் வீசுவதில்லை? எமக்குக் கிருமியைப் பற்றித் தெரியாததால் மட்டுமல்ல. வீசுவதற்கான செலவை நாம் விலையில் சேர்க்காததால். வீசினால் அது நட்டமாகத் தெரிகின்றது, மனம் வரவில்லை.

ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 50 பார்சல் சமைக்கின்றீர்கள். ஒன்றுக்குச் செலவு 300 ரூபா, விலை 400 ரூபா. எல்லாம் விற்றால் 5000 ரூபா இலாபம். சராசரியாக இரண்டு பார்சல் மிஞ்சி வீசுவதாக வைப்போம். 48 பார்சலில் அதே 5000 ரூபா கிடைக்க வேண்டுமானால் விலை 417 ரூபா. அதாவது, ஒரு பார்சலுக்கு 17 ரூபா. மிச்சத்தை மறுநாள் கலக்காமல் இருப்பதற்கான முழு விலையும் அவ்வளவுதான். விலையைக் கூட்ட விருப்பமில்லையா? இரண்டு பார்சல் குறைத்துச் சமையுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு வருபவரிடம் "முடிந்துவிட்டது" என்று சொல்வது கடைக்கு அவமானமல்ல. அந்தக் கடையில் பழைய சோறு இல்லை என்பதற்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

பிரிஜ் இருந்தால் மட்டும் போதாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது ஞாபகமிருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின்போது மண்சரிவால் பாதைகளும் மின்சாரமும் தண்ணீரும் தடைப்பட்டதை எமது மாவட்டம் மறக்காது. கதவைத் திறக்காத பிரிஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் குளிரைக் காக்கும். அதற்குப் பிறகு இளகிய இறைச்சியை, கரண்ட் வந்ததும் மீண்டும் உறைய வைத்து விற்பது கடன் வாங்கிக் கடனை அடைப்பதைப் போன்றது. அனர்த்த நேரத்தில் சமைத்த சோறு கொண்டு ஓடுவது எமது ஊர்களின் நல்ல வழக்கம். ஆனால் பாதை எப்போது திறக்கும் என்று தெரியாத நேரத்தில், பார்சலைவிட அரிசி, பருப்பு, பிஸ்கட் கொண்டு போய் அங்கேயே சமைத்துக் கொடுப்பது பாதுகாப்பானது.

இரண்டாவது செலவு: நோயாளியின் கூலி

எமது குசினிகளில் வேலை செய்யும் பிள்ளைகளில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். காலையில் வயிற்றோட்டத்தோடு எழும்பும் ஒரு பையன் என்ன செய்வான்? முதலாளியிடம் சொன்னால் "வீட்டுக்குப் போ" என்பார். அன்றைய சம்பளம் வெட்டப்படும். ஆகவே சொல்லமாட்டான். மலசலகூடத்துக்கும் மாப் பிசையும் மேசைக்கும் இடையில் நாள் முழுவதும் நடப்பான். வயிற்றுளைவைத் தரும் ஷிகெல்லாக் கிருமி உடலுக்குள் 10 முதல் 100 வரை போனாலே நோய் வரப் போதும். அது கண்ணுக்குத் தெரியும் அழுக்கல்ல.

இது எமது ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் நியூயோர்க்கில் மேரி மெலன் என்ற சமையற்காரி இருந்தார். அவருக்கு நோய்க்குறி எதுவும் இல்லை. ஆனால், அவர் சமைத்த வீடுகளில் நெருப்புக் காய்ச்சல் பரவியது. 1907 இல் அவரைப் பிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். இனிச் சமைப்பதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டு 1910 இல் விடுவித்தார்கள். துணி துவைக்கும் தொழிலுக்குப் போனார். அதில் கூலி குறைவு. பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்கே திரும்பினார். 1915 இல் ஒரு மகப்பேற்று வைத்தியசாலையில் நோய் பரவியபோது சமையலறையில் அவர் இருந்தார். 1938 இல் மரணிக்கும் வரை தனிமையிலேயே வைக்கப்பட்டார். உலகம் அவரைக் குற்றவாளியாகத்தான் நினைவு வைத்திருக்கின்றது. சமையலை விட்டதற்கு ஈடான கூலியை யாராவது கொடுத்திருந்தால் கதை வேறாகப் போயிருக்கலாம் என்று ஒரு வியாபாரியாக எனக்குத் தோன்றுகின்றது.

எனவே, வயிற்றோட்டம், வாந்தி, கையில் சீழ்ப் புண் உள்ள ஊழியரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். வயிறு சரியாகி இரண்டு நாள் கழித்தே குசினிக்குள் எடுங்கள். வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் என்றால் வைத்தியர் சொல்லும் வரை எடுக்க வேண்டாம். வருடத்தில் ஐந்தாறு நாள் சம்பளம் போகும். அதையும் கணக்கில் எழுதுங்கள். உணவைக் கையாளும் ஊழியர்களுக்கு நெருப்புக் காய்ச்சல் தடுப்பூசி பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் விசாரியுங்கள்.

செலவே இல்லாத காரியங்கள்

மற்றவை பெரும்பாலும் காசு கேட்காதவை. பச்சைக் கோழி வெட்டும் பலகையும் கத்தியும் சலாது வெட்டும் பலகையும் கத்தியும் வேறு வேறாக இருக்கட்டும். கோழியைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவினால் தெறிக்கும் தண்ணீரோடு கிருமியும் குசினி முழுவதும் தெறிக்கும். வெடித்த முட்டையை மலிவாகக் கிடைக்கின்றது என்று வாங்க வேண்டாம். பச்சை முட்டையில் மயோனிஸ் அடித்து நாள் முழுவதும் வெளியே வைக்க வேண்டாம். மலசலகூடத்துக்குப் பக்கத்தில் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். காசு எண்ணிய கையால் ரொட்டியை எடுக்க வேண்டாம்.

இப்போது மலைநாட்டு டவுன்களுக்கும் ஷவர்மா வந்துவிட்டது. 2022 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி ஒருவர் இறந்தார். பலர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். நோயாளிகளிடம் ஷிகெல்லா கண்டுபிடிக்கப்பட்டது. 2023 செப்டெம்பரில் தமிழ்நாட்டின் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருவர் ஷவர்மா சாப்பிட்டதன் பின்னர் இறந்தார். கம்பியில் சுற்றும் இறைச்சியின் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்பக்கம் வெந்திருக்காது. வியாபாரம் மந்தமான நேரத்தில் அடுப்பைக் குறைத்தால் கிருமிக்கு அது இளஞ்சூட்டு மெத்தை. வெட்டிய இறைச்சியை மீண்டும் தட்டையான கல்லில் நன்றாகச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். மிஞ்சிய கம்பியை நாளைக்கு வைக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாப்பா பீலித் தண்ணீரைச் சொன்னது முழுப் பொய்யல்ல. லயங்களில் பல குடும்பங்கள் ஒரே பீலியையும் ஒரே மலசலகூடத்தையும் நம்பி வாழும் நிலை இன்னும் முற்றாக மாறவில்லை. மேலே ஊற்று இருக்கும் இடத்தில் மழையோடு அழுக்கு இறங்கினால் கீழே உள்ள எல்லா வீட்டுக் குடத்திலும் அது சேரும். இதற்குத் தோட்ட நிர்வாகமும் அரசும் பதில் சொல்ல வேண்டும். ஆனால், அதையே காரணமாகக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. ஏற்கனவே பலவீனமான வயிறுகளுக்குத்தான் நாம் சோறு விற்கின்றோம் என்றால், எமது பொறுப்பு கூடுகின்றதே தவிரக் குறைவதில்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்? ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், முதியவர்கள், சீனி வருத்தக்காரர்கள். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரை போடுகிறவர்களும் இதில் சேர்வர். இரைப்பையின் அமிலம்தான் கிருமிக்கு எதிரான முதற் காவலாளி. மாத்திரை அந்தக் காவலாளியைத் தூங்க வைக்கின்றது. கல்லாவில் இருக்கும் எம்மில் பலர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றோம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்ட உணவால் வருடத்துக்கு 60 கோடிப் பேர் நோயுறுகின்றார்கள், 4 இலட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கின்றார்கள். இறப்பவர்களில் 1 இலட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் உடனே ஜீவனி கரைத்துக் குடிக்க வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், பிள்ளை சோர்ந்து போதல், சலம் போகாமை ஆகியன இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பாமசியில் நாமாகவே அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கக் கூடாது.

பீ.எச்.ஐ. எதிரியல்ல

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகின்றார் என்றால் பின்வாசலால் சட்டியை மறைப்பவர்கள் இருக்கின்றார்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கின்றது. உணவு நஞ்சாதல், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல் மூன்றும் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். வைத்தியர் அறிவித்தால்தான் பீ.எச்.ஐ. தேடி வருவார். தேடினால்தான் பிழை எங்கே என்று தெரியும். பயப்படுவதைவிட, அவரை நாமே அழைத்து "எங்கே பிழை?" என்று கேட்பது மலிவு. வர்த்தக சங்கங்கள் வருடத்துக்கு ஒரு முறை குசினி ஊழியர்களைக் கூட்டி அவரைக் கொண்டு ஒரு வகுப்பு நடத்தலாம்.

எமது கடைகளில் ஹலால் என்று பெரிதாக எழுதி வைக்கின்றோம். மாற்று மத சகோதரர்களும் அந்தச் சொல்லை நம்பி உள்ளே வருகின்றார்கள். அறுத்த முறையோடு அந்தச் சொல்லின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 'தய்யிப்', அதாவது நல்லது, தூய்மையானது என்பதும் அதோடு சேர்ந்தது. முறைப்படி அறுத்த கோழியை ஓர் இரவு சட்டியில் கிடக்கவிட்டு விற்றதற்கு நானே சாட்சி.

அந்த அம்மா அதற்குப் பிறகும் எங்கள் கடைக்கு வந்தார். சீனியும் மாவும் வாங்கினார். ரோல்ஸ் மட்டும் வாங்கியதில்லை. அவருடைய இரண்டு பெயரும் எங்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. எங்கள் மிச்சத்தின் செலவை அவர் கட்டினார். அந்தச் செலவைக் கடையின் கணக்கில் எழுதுவது கடைக்காரனின் வேலை. இந்த மாதக் கணக்கை எழுத உட்காரும்போது, வீசிய சோற்றுக்கு ஒரு வரியும் நோயாளி ஊழியரின் கூலிக்கு ஒரு வரியும் புதிதாகக் கீறிப் பாருங்கள். தொகை நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும்.